ஊசலைத் திருகும் முன் காதைக் கொடுங்கள்

சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு வரும் நோய் பெரும்பாலும் இரண்டே வகை. ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் நேரம் முன்னே பின்னே போகும். இல்லையென்றால் பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பழைய வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஜங்ஹன்ஸ் சுவர்க் கடிகாரம் ஆனாலும் சரி, அப்பா கட்டிய எச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் ஆனாலும் சரி, நாம் செய்கிற தவறும் ஒன்றுதான்: ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம். நின்றுபோகிற கடிகாரத்தில், ஊசலின் நீளத்தை மாற்றும் நட்டைத் திருகுவார்கள். வேகமாக ஓடுகிற வாட்சுக்கு எண்ணெய் விடுவார்கள்.

சாவி கொடுத்ததும் இறுகும் மெயின் ஸ்பிரிங்கை அப்படியே விட்டால், சக்கரங்கள் கடகடவென்று சுழன்று சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதைத் தடுத்து, ஒரு தடவைக்கு ஒரு பல் என்று விடுவதுதான் எஸ்கேப்மென்ட். நங்கூரம் போன்ற ஒரு துண்டின் இரு முனைகளும் மாறி மாறி எஸ்கேப் சக்கரத்தின் பல்லைப் பிடித்து விடுகின்றன. விடுபடும் பல், நகர்கிற போக்கில் ஊசலுக்கு ஒரு சிறு தள்ளல் கொடுக்கிறது. ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையைச் சரியான சமயத்தில் விரலால் தள்ளினாலே போதும் அல்லவா, அந்த அளவுதான். வேகத்தைத் தீர்மானிப்பது ஊசலின் நீளம். ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வது எஸ்கேப்மென்ட். 1670 வாக்கில் இங்கிலாந்தில் இந்த நங்கூர அமைப்பு வந்ததிலிருந்து இந்த வேலைப் பங்கீடு மாறவே இல்லை.

இப்போது, நின்றுபோகிற கடிகாரம். முதலில் எல்லோரும் தேடுவது ரசமட்டத்தை. பெட்டியின் மேல் வைத்து, குமிழி நடுவில் நின்றதும் திருப்தி அடைந்துவிடுவார்கள். பெட்டி நேராக இருப்பது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். கடிகாரத்துக்கு வேண்டியது டிக்குக்கும் டாக்குக்கும் இடையே சம இடைவெளி. டிக்-டாக், கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக்-டாக் என்று நொண்டினால், ஒரு பக்கம் பல் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் விடுபடுகிறது என்று பொருள். ஊசலுக்குக் கிடைக்கும் தள்ளல் போதாமல் சிறிது நேரத்தில் ஆட்டம் அடங்கிவிடும். பெட்டியின் அடிப்பாகத்தை இடமும் வலமுமாக நூல் நூலாக நகர்த்திக் காதால் கேளுங்கள். சத்தம் சமமான இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த வெள்ளையடிப்புக்குப் பிறகு உதவும். அந்த நிலையில் பெட்டி கோணலாகத் தெரிந்தால், நங்கூரத்திலிருந்து இறங்கி ஊசலைத் தள்ளும் கம்பி வளைந்திருக்கிறது. அதை லேசாக வளைத்துச் சரிசெய்யலாம். முதல் தடவை விவரம் தெரிந்தவர் கையால் நடப்பது நல்லது.

விநாடி முள் ஒவ்வொரு துடிப்பிலும் துளி பின்வாங்கி நகர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நங்கூர எஸ்கேப்மென்டின் இயல்பு அது. அப்படிப் பின்வாங்காத வகையை 1715 வாக்கில் லண்டன் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாம் துல்லியக் கடிகாரங்களில் பரவச் செய்தார். வீட்டுக் கடிகாரங்கள் பலவற்றில் பழைய முறையே தொடர்ந்தது.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் அக்கிரமத்துக்கு அளவில்லை. தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, கடைசியில் தேங்காய் எண்ணெய்கூட. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டு வீட்டுக் கடிகாரத்துக்குள் அது என்ன ஆகும் என்று சமையலறை பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். எந்த எண்ணெயாக இருந்தாலும் சக்கரப் பற்களில் தடவவே கூடாது. எண்ணெயில் ஒட்டும் தூசி அரைக்கும் பசையாக மாறி, நங்கூர முனைகளில் குழி பறித்துவிடும். அச்சு முனைகள் சுழலும் துளைகளில் கடிகார எண்ணெய் ஒரு புள்ளி, நங்கூர முனைகளில் மிகச் சிறு தொடல். அதற்கு மேல் எல்லாம் கெடுதல்தான். அழுக்கின் மேலேயே எண்ணெய் விட்டால் இரண்டு மாதம் ஓடும், பிறகு முன்பைவிட மோசமாக நிற்கும்.

‘சாவி அதிகமாகக் கொடுத்து நின்றுபோச்சு’ என்பதும் பெரும்பாலும் கற்பனை. முழுச் சாவி இருந்தும் ஓடவில்லை என்றால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது தேய்ந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வீடியோ பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கில் சாவி இருக்கும்போதே நங்கூரத்தைக் கழற்றுவது. தடுப்பு போன மறுகணம் அடக்கிவைத்த விசை முழுவதும் சக்கரங்களில் பாயும். பற்கள் உடையும், அச்சு வளையும், விரல் மாட்டினால் விரலும் போகும். முதலில் ஸ்பிரிங்கை அதற்கான சாவியால் கட்டுப்படுத்தி முழுவதும் இறக்க வேண்டும். அந்தக் கருவி கையில் இல்லையென்றால் பின்பக்கத் திருகைத் தொடவே வேண்டாம்.

கைக்கடிகாரத்தில் ஊசலுக்குப் பதில், முன்னும் பின்னும் சுழன்றாடும் பேலன்ஸ் சக்கரமும் அதைத் திரும்ப இழுக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும். ஜனதா மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கும். அது திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால், உடனே மூடியைத் திறந்து வேகக் கம்பியை நகர்த்தாதீர்கள். ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த பை, போன் உறை என்று எதிலாவது காந்தம் ஏறியிருக்கலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அதன் நீளம் குறைந்தது போலாகித் துடிப்பு வேகமாகிவிடும். எண்ணெய் பட்டாலும் இதே கதைதான். காந்தம் ஏறிய வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோனால் திசைகாட்டி முள் ஆடும். காந்தம் நீக்கும் கருவி பல வாட்ச் ரிப்பேர் கடைகளில் இருக்கும், சில நிமிட வேலை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோகிறவர்கள் ஊசலைக் கழற்றாமல் காரில் ஏற்றிவிடுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவில் அது இருபக்கமும் மோத, மேலே தொங்கவிடும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் மடிந்துவிடும். மடிந்த தகட்டை நிமிர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஏற்காட்டில் மாட்டியதும் நேரம் சற்று மாறும். 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் போனபோது, ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதைக் கண்டார். அங்கே காரணம் பூமத்திய ரேகைப் பக்கத்தில் ஈர்ப்பு குறைவது. ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம், அதனாலும் ஈர்ப்பு துளி குறையும். கணக்குப் போட்டால் நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடி தாமதம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஊசலின் எஃகுத் தண்டு சுருங்குவதால் 5 விநாடி திரும்பக் கிடைக்கும். 25 செ.மீ. ஊசலில் 1 மி.மீ. மாற்றமே நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் என்பதால், மிச்சமிருக்கும் சில விநாடிகளுக்காக நட்டைத் திருகினால் கூடவோ குறையவோ போவது நிச்சயம். வீட்டுக் கடிகாரத்தில் முழுச் சாவி உள்ள நாளுக்கும் சாவி இறங்கிய நாளுக்கும் இடையே வரும் வேறுபாடே இதைவிட அதிகமாக இருக்கலாம். அப்படியே விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை முள்ளை நகர்த்திக்கொண்டால் போதும். மணியடிக்கும் கடிகாரமாக இருந்தால் முன்பக்கமாக மட்டும்.