மட்கும் வைக்கோலில் செல்லுலேஸ் தேடுவது எப்படி?

செல்லுலேஸ் ஒரே நொதி அல்ல, ஒரு குடும்பம். குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலிதான் செல்லுலோஸ். எண்டோகுளுக்கனேஸ் அதை நடுவில் வெட்டும். செல்லோபயோஹைட்ரோலேஸ் முனையிலிருந்து இரண்டிரண்டாகக் கழற்றும். அந்த ஜோடியைப் பிரிப்பது பீட்டா குளுக்கோசிடேஸ். முதலாவது வேலை செய்வதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே கண்ணால் பார்க்கலாம்.

படி 1: 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ்), 1.5 கிராம் அகார் (ஊடகத்தை உறைய வைப்பது), 0.1 கிராம் ஈஸ்ட் சாறு, 0.1 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட். செல்லுலோஸ் தூளை உப்புமாவுக்கு ரவை தூவுவது போலக் கிளறிக்கொண்டே தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். குளுக்கோஸ் வேண்டவே வேண்டாம். சுலபமான சர்க்கரை கிடைத்தால் பல நுண்ணுயிரிகள் செல்லுலேஸ் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) தட்டுகளில் ஊற்றுங்கள்.

படி 2: மட்கிய வைக்கோலின் அடிமண் 1 கிராமை 9 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யுங்கள். நான்காவது, ஐந்தாவது குழாய்களிலிருந்து 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்பி, 30 டிகிரியில் 3 நாள் வையுங்கள்.

படி 3: வளர்ந்த ஒவ்வொரு நுண்ணுயிரிக் கூட்டத்தையும் (காலனி) இரண்டு புதுத் தட்டுகளில் ஒரே இடத்தில் குத்தி வளருங்கள். ஒன்றுக்குத்தான் அடுத்த படியில் வரும் சாயம். சாயம் ஊற்றினால் கூட்டங்கள் கலைந்துவிடும், அப்புறம் எது எதுவென்று தெரியாது.

படி 4: கையுறை கட்டாயம், காங்கோ ரெட் பென்சிடினிலிருந்து வரும் சாயம். 0.1% கரைசலை 15 நிமிடம் நிறுத்தி வடித்துவிட்டு, 1 மோலார் சோடியம் குளோரைடு உப்புக் கரைசலால் (100 மி.லி.க்கு 5.84 கிராம்) 15 நிமிடம் கழுவுங்கள். முழுச் சங்கிலியைச் சாயம் இறுகப் பிடித்துக்கொள்ளும், துண்டானதை விட்டுவிடும். அதனால் நொதி பரவிய இடம் மட்டும் சிவப்புக்கு நடுவே வெளிர் மஞ்சள் வளையமாகத் தெரியும். முதன்முதலில் அதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும்.

சரி, வளையம் வந்தால் முழுக் குடும்பமும் இருக்கிறதா? இல்லை. நாம் கொடுத்தது கரையும் செல்லுலோஸ். அதற்கு எண்டோகுளுக்கனேஸ் போதும். இறுகிய படிகச் செல்லுலோஸைக் கரைக்க மூன்றும் கூட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்த டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சையிடம் அந்தக் கூட்டணி இருந்தது.

உங்கள் நுண்ணுயிரியிடம் இருக்கிறதா? அகார் இல்லாத, கனிம உப்புகள் கலந்த திரவ ஊடகத்தில் ஒரு வடிதாள் துண்டை நிறுத்தி, அதில் வளருங்கள். நுண்ணுயிரி போடாத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். திரவம் தொடும் மட்டத்தில் தாள் நாராகப் பிரிகிறதா என்று தினமும் பாருங்கள்.