தொற்றுநோய்ச் செய்தியை எப்படிப் பின்தொடர்வது? ஒரு கூகுள் ஷீட் போதும்

ஊரில் ஏதோ பரவுகிறது என்றால் அரசு அறிக்கைக்கு முன்னால் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும், பெரும்பாலும் ஒரு மூலையில் நாலு வரியாக. இந்த நாலு வரியைத் தேடிப்பிடித்துச் சரிபார்க்க மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐடிஎஸ்பி 2008-லேயே டெல்லியில் தனிப்பிரிவு தொடங்கிவிட்டது. அதே வேலையை நாமும் சின்ன அளவில் செய்யலாம்.

முதலில் தேடுசொல். நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் தாமதமாகத்தான் சிக்கும், ஏனென்றால் ஆய்வக முடிவு வந்த பிறகுதான் பெயரே வரும். அதுவரை ‘மர்மக் காய்ச்சல்’, ‘வாந்தி, வயிற்றுப்போக்கு’, ‘ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து’ என்றுதான் எழுதுவார்கள். இவற்றோடு மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து கூகுள் அலர்ட் போட்டுவிடுங்கள், அந்தச் சொற்களோடு புதுச் செய்தி வந்தால் மெயில் வரும். வவ்வாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் நோயான நிபாவை நிபா, நிஃபா என்று எழுத்து மாற்றி எழுதுவதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஷீட். ஒரு நோயாளிக்கு, அல்லது ஓர் ஊரில் ஒன்றாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஒரு வரி. செய்திக்கு ஒரு வரி என்று போட்டால் கெட்டது, பிடிஐ செய்தி நிறுவனம் கொடுத்த ஒரே செய்தி இருபது தளங்களில் இருபது தலைப்பில் வரும். ஊர், அறிகுறி தொடங்கிய நாள், இறந்திருந்தால் அந்த நாள், பரிசோதனை முடிவு வந்த நாள், செய்தி வந்த நாள், தகவல் சொன்னது யார் என்று கட்டங்கள் போடுங்கள். தேதிகளைக் கலக்காமல் வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

2018-ல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நடந்ததைப் பாருங்கள். நிபா உறுதி என்ற செய்தி மே 20 வாக்கில் நாடெங்கும் ஓடியது. ஆனால் முதல் நோயாளி என்று பின்னால் தெரியவந்த இளைஞர் மே 5 அன்றே இறந்துவிட்டார், அவருக்கு நிபா பரிசோதனையே நடக்கவில்லை. அதே வீட்டில் அவருடைய சகோதரரும் படுத்த பிறகுதான் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. தொற்றியவருக்கு அறிகுறி தெரியப் பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும் என்பதால், நாம் தலைப்பைப் படித்த நேரத்தில் அடுத்த சுற்று ஏற்கெனவே தொற்றி முடிந்திருந்தது. செய்தித் தேதிப்படி அடுக்கினால் எல்லாம் திடீரென்று வெடித்தது போல இருக்கும். அறிகுறித் தேதியையும் இடத்தையும் வைத்து அடுக்கினால், முதல் நோயாளி சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் பெரும்பாலோருக்குத் தொற்றியது என்பது தெரியும்.

அதே பரவலுக்குப் பலி 17 என்றும் படிப்பீர்கள், 21 என்றும் படிப்பீர்கள். இரண்டும் பொய்யில்லை. 17 என்பது மாநில அரசு சொன்ன கணக்கு. பின்னால் வந்த ஆய்வு, ஆய்வகத்தில் உறுதியான 18 பேரோடு, உறுதி செய்ய முடியாமல் போன 5 பேரையும் சேர்த்து 23 நோயாளிகள், 21 மரணம் என்றது. அதனால் எண்ணை மட்டும் எழுதாமல் பக்கத்திலேயே ‘உறுதி’, ‘சந்தேகம்’, ‘கண்காணிப்பில்’ என்று எது என்பதையும் எழுதுங்கள். ‘நூற்றுக்கணக்கானோர் கண்காணிப்பில்’ என்ற தலைப்பை வாட்ஸ்அப்பில் ‘நூற்றுக்கணக்கானோருக்கு நிபா’ ஆக்கிவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.

மறுபடி தேடுவதும் முக்கியம். அதே 2018 மே மாதக் கடைசியில், முதலில் பிடித்த வவ்வால்களில் வைரஸ் இல்லை என்று செய்தி வந்தது. வவ்வால் காரணமில்லை என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அவை பூச்சி தின்னும் வகை. பிறகு பழந்தின்னி வவ்வால்களைச் சோதித்தபோது வைரஸ் கிடைத்தது. ஒவ்வொரு வரியையும் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

செய்திகளின் எண்ணிக்கையை வைத்து நோயை அளக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு குழந்தை டெங்குவில் இறந்தால் ஒரு வாரம் டெங்குவாகவே இருக்கும், நடுவில் புயலோ தேர்தலோ வந்தால் டெங்கு செய்தியே காணாமல் போகும், கொசு பாட்டுக்குக் கடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக, ஐடிஎஸ்பி தளத்தின் வாராந்தர அறிக்கையோடு ஒப்பிடுங்கள். தாமதமாகத்தான் வரும், ஆனால் மாவட்டம், தொடங்கிய நாள், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அதில் இல்லாத வரிகளை அழிக்காமல் வேறு நிறம் கொடுத்து வையுங்கள். நோயாளியின் பெயர், வீட்டு அடையாளம் செய்தியில் வந்திருந்தாலும் ஷீட்டில் ஏற்ற வேண்டாம், ஊரும் வயதும் போதும்.