என்ஜின் காட்டும் காய் தியாகங்கள்: தொடக்க ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ் பழகும் பிள்ளைகள் இப்போது தொடக்க நகர்த்தல்களைப் பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின்களிடமிருந்தே (செஸ் ஆடும் கணினி நிரல்கள்) கற்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் தலைமுறை ஆட்டக்காரர்கள் பட்டுத் தெளிந்த தவறுகளையே அவர்களும் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது சிலவற்றை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. காயைக் கவனிக்காமல் வெட்டுக் கொடுப்பது, கடிகாரத்தை மறப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாம் இயந்திரத்தின் கண்டுபிடிப்பு என்று நம்புதல்

1997 மே மாதம் நியூயார்க்கில் உலகச் சாம்பியன் காஸ்பரோவுடன் நடந்த போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், காரோ-கான் தொடக்கத்தில், ஐபிஎம்மின் செஸ் கணினியான டீப் புளூ எட்டாவது நகர்த்தலாகக் குதிரையை இ6 கட்டத்தில் தியாகம் செய்தது; அதாவது பின்னால் வரும் ஆதாயத்துக்காக வேண்டுமென்றே கொடுத்தது. காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தத் தியாகம் கணக்கிட்டுக் கண்டறியப்பட்டதன்று; முன்பே அறியப்பட்டிருந்த அந்த நகர்த்தலை இயந்திரத்தின் தொடக்க நூலில் (முன்கூட்டியே சேமித்துவைத்த தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பில்) மனிதர்கள்தாம் சேர்த்துவைத்திருந்தார்கள். ஒரு யோசனையை மனிதர்கள் ஏற்கெனவே ஆடியிருந்தால், அந்தப் பழைய ஆட்டங்களையும் தேடி எடுத்துப் பாருங்கள். என்ஜின் சொல்லாத காரணங்கள் அவற்றில் கிடைக்கும்.

எண்ணைப் பார்த்ததும் ஆராய்ச்சியை நிறுத்துதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். என்ஜின் ஒரு சிப்பாயைக் கொடுக்கச் சொல்கிறது; திரையில் நிலையை மதிப்பிடும் எண் சாதகமாகத் தெரிகிறது; மாணவர் அந்த நகர்த்தல் வரிசையை எழுதிக்கொண்டு அடுத்த தொடக்கத்துக்குப் போய்விடுகிறார். தியாகம் செய்தவருக்கு வேலை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

என்னிடம் பயிலும் ஒரு மாணவர் குயின்ஸ் இந்தியன் தொடக்கத்தில், ஏழாவது நகர்த்தலில் டி5 என்று சிப்பாயைக் கொடுத்து, அடுத்துக் குதிரையை எச்4-க்குக் கொண்டுபோகும் வரிசையை மனப்பாடம் செய்திருந்தார். 1980-இல் போனஸ் அயர்ஸில் கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாய்க்கு எதிராக இன்னொரு கிராண்ட்மாஸ்டரான பொலுகாயெவ்ஸ்கி ஆடிய வழி அது. பத்தாவது நகர்த்தலில் குதிரை எஃப்5-இல் வந்து அமர்ந்தது. மாணவருடைய குறிப்பும் அத்துடன் முடிந்துவிட்டது. எதிராளி தம் குதிரையை சி7-க்குப் பின்வாங்கியதும் நெடுநேரம் யோசித்தவர், எஃப்5 குதிரையால் இ7 பிஷப்பை வெட்டிவிட்டார். எந்தக் குதிரைக்காகச் சிப்பாயைக் கொடுத்தாரோ அதையே மாற்றிக்கொண்டபின் ராஜாவின்மீது இருந்த அழுத்தம் போயிற்று. சிப்பாய்க் குறைவு மட்டும் கடைசிவரை நின்றது.

தனக்குத் தானே ஆடிப் பழகிய டீப்மைண்ட் நிறுவனத்தின் நிரலான ஆல்ஃபாஜீரோ 2017-இல் ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய 100 ஆட்டங்களில் (28 வெற்றி, 72 டிரா) ஒன்றில் இதே நிலை வந்தது. அது குதிரையை விடவில்லை. இ4 ஆடி மையத்தைத் திறந்தது. பிறகு அந்தக் குதிரை எச்6-க்குப் போயிற்று. 19-ஆவது நகர்த்தலில், குதிரை வெட்டுப்படும் நிலையில் இருக்கும்போதே, யானையை அமைதியாக இ1-இல் வைத்தது. கறுப்பு ராஜா குதிரையை வெட்டியது. 26-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி எச்1 மூலைக்குத் திரும்பியது. ஒரு முழுக் காய் குறைவாக இருந்தும் அவசரமே இல்லை, ஏனெனில் கறுப்பின் பி8 குதிரையும் ஏ8 யானையும் தொடக்க நிலையிலிருந்து அசையவே இல்லை. அந்தக் குதிரை முதன்முதலாக நகர்ந்தது 36-ஆவது நகர்த்தலில். எதிராளியின் எந்தக் காய்கள் ஆட்டத்துக்கு வர முடியாமல் கிடக்கின்றன என்ற இந்த விவரத்தை அறியாமல் டி5-ஐ மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

இது பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2004-இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் எட்டாவது ஆட்டத்தில், மார்ஷல் அட்டாக் என்ற தொடக்கத்தில், நடப்புச் சாம்பியன் கிராம்னிக் தம் அணி கணினியில் தயாரித்துத் தந்த வழியில் நடந்து, 24-ஆவது நகர்த்தலில் ஒரு யானைக்காக ராணியையே கொடுத்தார். ஏ நெடுவரிசைச் சிப்பாய் ஓடிப்போய் ராணியாகிவிடும் என்பது கணக்கு. எதிராளி லெகோ பலகையிலேயே யோசித்து, 25-ஆவது நகர்த்தலாக ராணியை டி3-இல் வைத்தார். 32-ஆவது நகர்த்தலில் ஆட்டம் லெகோவின் வெற்றியில் முடிந்தது. அந்த நிலையைக் கணினியில் இன்னும் சிறிது நேரம் ஓடவிட்டிருந்தால் மதிப்பீடு தலைகீழாக மாறியிருக்கும். கடைசி ஆட்டத்தை வென்று 7-7 என்று சமன் செய்துதான் கிராம்னிக் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஆகவே தியாகத்துக்குப் பிந்திய நிலையில் என்ஜினை நெடுநேரம் ஓடவிடுங்கள். வரிசை முடியும் இடத்திலிருந்து எதிராளி இயல்பாக ஆடக்கூடிய நகர்த்தல்களை, என்ஜின் மோசமானவை என்று ஒதுக்கினாலும், நீங்களே ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, அதே நிலையை ஒரு நண்பருடன் இரு பக்கமும் மாறி மாறி ஆடுங்கள்.

முதல் வரிசையை மட்டும் பார்த்தல்

என்ஜின் பரிந்துரைக்கும் முதல் மூன்று நகர்த்தல் வரிசைகளைத் திறந்து வையுங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் மதிப்பீட்டில் வேறுபாடு 0.10 போல மிகச் சிறியது என்றால் காயைக் கொடுக்கும் கட்டாயம் இல்லை.

எங்கும் எச் சிப்பாயைத் தள்ளுதல்

எதிராளி ஜி6 ஆடியிருந்தால், எச்4, எச்5 என்று போகும் சிப்பாய்க்கு மோத ஓர் இடம் இருக்கிறது. ஆடாதபோது பெரும்பாலும் உங்கள் ராஜாவின் பக்கம்தான் பலவீனமாகும்.

0.00 என்பதை எளிய டிரா என்று எண்ணுதல்

0.00 என்றால் இரு பக்கமும் சமம் என்று என்ஜின் மதிப்பிடுகிறது. ஆனால் அந்த டிராவை எட்ட, ஒரு பக்கம் வரிசையாகப் பத்து முறை ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம். அது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.