ஆடிய டெஸ்குகள் நின்றது எப்படி?

எங்கள் அரசுப் பள்ளிக்கு நன்கொடையாக வந்த டெஸ்குகளைப் போல்ட் போட்டுப் பூட்டி வகுப்பில் போட்டதுமே ஆட ஆரம்பித்தன. பிள்ளைகள் எழுதினால் எழுத்து கோணலாக இழுத்தது. காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தோம், மறுநாளே நழுவியது. போல்ட்டுகளை இன்னும் இறுக்கினோம், ஆட்டம் கூடியதுதான் மிச்சம். மூன்று நாள் இப்படியே போனது.

அப்புறம் ஒரு டெஸ்கை அதே இடத்தில் கால்வாசி வட்டம் திருப்பிப் பார்த்தேன். தரையில் பள்ளம் என்றால் ஆட்டம் மற்ற இரண்டு கால்களுக்கு மாற வேண்டும். மாறவில்லை. சட்டம்தான் முறுக்கிக்கொண்டிருந்தது; பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாக முழுசாக இறுக்கியிருந்தோம்.

எல்லாவற்றையும் தளர்த்தி, சமதரையில் நிறுத்தி, ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, எதிரெதிர் மூலை போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஆட்டம் நின்றது. அப்பாடா! குழாய்க்காலின் விளிம்பு அடியிலுள்ள ரப்பர் மூடியை அறுக்காமலிருக்க ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு வாஷரும் போட்டுவிட்டேன்.