நூலகத்துக்கு வரும் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது?

சனி, ஞாயிறு காலைகளில் எங்கள் கிளை நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிற அம்மா அப்பாக்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "மூணாவது படிக்கிறான், என்ன புக் குடுக்கலாம்?" வகுப்பைக் கேட்டுப் புத்தகம் எடுப்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே மூணாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் இருக்கும், ஒரே மூச்சில் அறுபது பக்கம் முடிக்கிற பிள்ளையும் இருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. மூணாவது படிக்கும் வாசகருக்கும் அதுதான் விதி.

பிள்ளையிடமே பேசுங்கள், கீழே உட்கார்ந்து. "உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்கும், அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய், வீட்டில் பூனை இருக்கிறதா, கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பையனுக்கான பதில் எல்லாவற்றையும் அவன் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் டவுசர் பையை மட்டும் பொத்திப் பிடித்திருந்தான். என்னப்பா அது என்றேன். தீப்பெட்டி, உள்ளே கொன்றை இலை, இலைமேல் ஒரு பொன்வண்டு. பூச்சிகள் பற்றிய படப்புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மின்விசிறிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தீப்பெட்டியைப் பக்கத்தின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, படத்தில் கால் எத்தனை, இதில் எத்தனை என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். படிக்கவே மாட்டான் என்று சொல்லித்தான் அவனை அழைத்து வந்திருந்தார்கள்.

அப்புறம், புத்தகம் கைக்கு அடங்குமா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெதுவான குரலில் படிக்கச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகள் இல்லாத மூலையில். தடுக்குகிற சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள், ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு அது கடினம் என்பார்கள். தமிழில் இதை அப்படியே நம்பக் கூடாது என்பது என் அனுபவம். பிள்ளை பேசுவது "வந்துட்டிருந்தான்", புத்தகத்தில் இருப்பது "வந்துகொண்டிருந்தான்". பொருள் தெரியாமல் தடுக்குவதில்லை, சொல்லின் நீளத்தைப் பார்த்துத் தடுக்குகிறது. அந்த மாதிரித் தடுக்கலுக்குப் புத்தகத்தை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், காது பழகினால் கண்ணும் பழகும். பொருளே புரியாத சொற்கள் வரிக்கு வரி வந்தால்தான் வேறு புத்தகம்.

நிலை பிரித்த புத்தகங்கள் கைவசம் இருந்தால் வேலை சுலபம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக் கதை 250 சொல்லைத் தாண்டாது, இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் நிலை என்பது உங்கள் கணக்குக்கு மட்டும். "நீ இன்னும் நுழைதான்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே போகும்.

சரி, எத்தனை கொடுப்பது? மூன்று. பிள்ளையின் ஆசைக்கு நெருக்கமானது ஒன்று, சட்டென்று முடித்துவிடக்கூடியது ஒன்று, உங்களுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. அட்டை தெரியும்படி மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். 'டோட்டோ-சான்' என்றால், "இந்தப் பொண்ணை முதல் ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க, அப்புறம் சேர்ந்த ஸ்கூல்ல ரயில் பெட்டிதான் வகுப்பறை" என்பேன். பத்து வயதுப் பிள்ளைகள் அதற்கு மேல் என்னைக் கேட்பதில்லை, பக்கத்தைப் புரட்டப் போய்விடுகிறார்கள்.

காமிக்ஸ் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் பலர் இன்றைக்கும் விடாமல் படிக்கிறவர்கள்.

கனமான விஷயம் பேசும் புத்தகங்களை மட்டும் நீங்கள் முதலில் முழுக்கப் படித்துவிடுங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசுவது, மிக அவசியமான புத்தகம். அதைக் கொடுக்கும்போது அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லி, சேர்ந்து படிக்கச் சொல்கிறேன்.

திரும்பக் கொண்டு வரும்போது கதை கேட்காதீர்கள், நீதி என்னவென்று கேட்கவே கேட்காதீர்கள். "எந்த இடத்துல நிறுத்தின?" என்று மட்டும் கேளுங்கள். பாதியில் விட்டது தப்பில்லை என்று அதிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும், அடுத்து எதை எடுப்பது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், புத்தகம், நிறுத்திய பக்கம் மூன்றையும் குறித்து வைக்கிறேன். பொன்வண்டுப் பையன் பெயருக்கு நேரே இப்போது இருப்பது: பூச்சிகள், முழுக்க, சிலந்தி கேட்டான்.