பேசாமல் அசையாமல் கிடக்கும் நோயாளி: கேட்டடோனியாவைக் கண்டறிந்து லோராசெபம் கொடுப்பது எப்படி

கத்துகிற நோயாளியை எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். மூலைக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி, பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரைக் காலை ரவுண்டுவரை யாரும் தொடுவதில்லை. "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று சார்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. அந்த ஒரு வரியால் இறந்துபோனவர்கள் உண்டு. அவருக்கு இருப்பது கேட்டடோனியாவாக இருக்கலாம்: அசைவும் பேச்சும் உறைந்துபோகும், சிலநேரம் நிலைதடுமாறிப் பெருகும் நிலை. கேட்டடோனியா நோயாளிக்குக் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். நீர் வற்றிச் சிறுநீரகம் கெடலாம். காய்ச்சலோடு கூடிய உயிர்கொல்லி நிலைக்கு ஒரே இரவில் மாறிவிடலாம். அதே நோயாளி, சரியான ஊசி போட்ட பத்து நிமிடத்தில் தன் பெயரைச் சொல்லவும் கூடும். மனநல மருத்துவத்தில் இவ்வளவு வேகமாகப் பலன் தரும் சிகிச்சை வேறு அதிகம் இல்லை.

1874-இல் ஜெர்மன் மருத்துவர் கால்பவும் (Kahlbaum) இதைத் தனி நோயாக எழுதினார். பிறகு கிரேப்பலின் என்ற இன்னொரு ஜெர்மன் மருத்துவர் இதை, பின்னாளில் ஸ்கிசோஃப்ரீனியா எனப்பட்ட நோயின் ஒரு வகையாக அடக்கிவிட்டார். அந்தப் பழைய பாடம் இன்னும் பலர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இதன் பின்னால் அதிகம் இருப்பது மனநிலைக் கோளாறுகள்தான்: கடும் மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும். மூளையையும் உடலையும் தாக்கும் நோய்களும் கணிசமான பங்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி வார்டுகளில் வேலை செய்பவர் இந்த இரண்டாவது கூட்டத்தை ஒருநாளும் மறக்கக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும்

மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 பன்னிரண்டு அறிகுறிகளைச் சொல்கிறது; அவற்றில் மூன்று இருந்தால் போதும். அசைவின்மை, பேச்சின்மை, சொன்னதற்கு எதிராகவோ ஒன்றுமே செய்யாமலோ இருத்தல், வைத்த நிலையில் கை அப்படியே நிற்பது, தானாக விசித்திர நிலையில் நிற்பது, மெழுகுபோல் வளைதல், முகச்சுளிப்பு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், சாதாரணச் செயலை வினோதமாகச் செய்தல், நாம் சொன்னதையே சொல்லுதல், நாம் செய்வதையே செய்தல், காரணமில்லாத கொந்தளிப்பு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கேட்டடோனியா என்றாலே அசைவின்மை என்று நினைத்தால், வார்டெங்கும் நோக்கமில்லாமல் ஓடி, சொன்ன சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பவரைத் தவறவிடுவீர்கள். அவருக்கு மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் போய்ச் சேரும்.

அளவிட புஷ்-ஃபிரான்சிஸ் அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 23 உருப்படிகள். முதல் 14 சலித்தெடுப்பதற்கு. அந்த 14-இல் இரண்டு இருந்தாலே மேற்கொண்டு போக வேண்டும். ஒரு தாளில் அச்சிட்டு வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்தை நம்பினால் இரவு மூன்று மணிக்குப் பாதி மறந்துபோகும்.

கையால் செய்யும் பரிசோதனை

ஐந்தே நிமிட வேலை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கட்டில் அருகே நின்று ஒன்றும் செய்யாமல் ஒரு நிமிடம் பாருங்கள்: எத்தனை முறை கண் இமைக்கிறார், தலை தலையணையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறதா, உதடு குவிந்திருக்கிறதா. பிறகு பேச்சுக் கொடுங்கள். பேசிக்கொண்டே உங்கள் தலையைப் பெரிதாகச் சொறியுங்கள். அவர் கையும் தலைக்குப் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து கை. "கையைத் தளர்வாக விடுங்க" என்று சொல்லி, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பலமாக. நீங்கள் கொடுக்கும் பலத்துக்குச் சமமாக எதிர்ப்பும் கூடினால் அது கேட்டடோனியாவின் எதிர்ப்பு. பல்சக்கரம் போல விட்டு விட்டுத் தடுத்தால் பார்க்கின்சன் வகை விறைப்பையோ மருந்தின் பக்கவிளைவையோ நினையுங்கள். முதலில் இறுகி, பிறகு சூடான மெழுகுவர்த்தியைப் போல மெல்ல வளைந்துகொடுத்தால் அதுவே மெழுகு வளைவு. கையைச் சங்கடமான நிலையில் உயர்த்தி விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் அங்கேயே நிற்கிறதா?

அதன் பின் மூன்று சிறு சோதனைகள். கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கைக்குக் கீழே ஒரே விரலை வைத்து, "நான் தூக்கினாலும் தூக்க விடாதீங்க" என்று சொல்லி மெல்லத் தூக்குங்கள். காற்றில் பறப்பதுபோலக் கை மேலே போனால் அது அறிகுறி. உங்கள் கையை நீட்டி, "எனக்குக் கை கொடுக்காதீங்க" என்று சொல்லுங்கள். அவர் கை பாதி வந்து, நின்று, திரும்பி, மறுபடி வரும். கடைசியாகப் பைக்குள் கை விட்டபடி, "நாக்கை நீட்டுங்க, ஊசியால குத்தணும்" என்று சொன்னதும் நாக்கு வெளியே வந்தால் அது யோசனையின்றி இயந்திரம்போலக் கீழ்ப்படிதல். குத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து இளையவர்களுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். வயதான ஆயா ஒருவருக்குத் தமிழில் சொன்னால் மட்டும் கண் திரும்பலாம். சூலு பேசுபவருக்கு நர்ஸ் உதவியோடு சூலுவில் சொல்லுங்கள். புரியாத மொழியில் கட்டளையிட்டு "பதிலில்லை" என்று மதிப்பெண் போடுவது தவறான பரிசோதனை.

இன்னொன்று: கேட்டடோனியாவில் கிடப்பவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேறிய பிறகு, கட்டிலருகே யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லும் நோயாளிகள் உண்டு. அவர் முன்னால் "நடிக்கிறார்" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை தொடும்போதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

குடும்பத்தார் சொல்வதைக் கேட்கும் விதம்

"சாமி இறங்கியிருக்கு", "கண்ணு பட்டுடுச்சு" என்று வீட்டார் சொன்னால் முகம் சுளிக்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே ஆரம்பித்தது? எவ்வளவு நேரம்? முன்பும் இப்படி வந்து தானாகத் தெளிந்ததா? இடையில் சாப்பிட்டாரா? காவடி நாளிலோ, புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலோ அருள் வருவது, மேளமும் கூட்டமும் உள்ள இடத்தில் வந்து, திருநீறு பூசியதும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அடங்கும். வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். அது நோயல்ல. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல், சிறுநீர்கூடப் போகாமல் இருப்பது வேறு. விரத காலத்தில் இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரா என்றும் கேளுங்கள்: டர்பனின் கோடை வெயிலில் தண்ணீர் குறைந்தால் லித்தியம் நச்சாகி, குழப்பமும் நடுக்கமும் வரும். பூஜை செய்ய வேண்டும் என்று வீட்டார் கேட்டால், சிகிச்சையைத் தள்ளிப்போடாத வரை வழி விடுங்கள்.

லோராசெபம் சோதனை

பதற்றம் தணிக்கும் தூக்க மருந்தான லோராசெபத்தைக் கொடுத்து, அறிகுறி குறைகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. தொடங்கும் முன் புஷ்-ஃபிரான்சிஸ் மதிப்பெண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், விரல்நுனிச் சர்க்கரை பாருங்கள். ஆக்சிஜனும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு (Ambu) பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிரை வழியாக 1 முதல் 2 மி.கி. லோராசெபம். முதியவருக்கும் நுரையீரல் நோயாளிக்கும் 0.5 முதல் 1 மி.கி. போதும். மருந்தைச் சம அளவு சலைனில் கலந்து, நிமிடத்துக்கு 2 மி.கி.க்கு மிகாமல் மெதுவாகச் செலுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து முழுப் பரிசோதனையையும் திரும்பச் செய்யுங்கள். மாற்றமில்லையென்றால் இன்னொரு டோஸ், மறுபடி பரிசோதனை. தசை வழி கொடுத்தால் 15 நிமிடமும், வாய்வழி கொடுத்தால் 30 நிமிடமும் காத்திருக்க வேண்டும். மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் சோதனை நேர்மறை.

முதல் மாற்றம் பெரும்பாலும் கண்ணில்தான் தெரியும். இமைப்பது கூடும், பார்வை உங்களைத் தொடரும், அந்தரத்தில் நின்ற கை மெல்ல இறங்கும், எச்சில் விழுங்குவார், உதடு அசையும். அப்போது நீண்ட கேள்வி கேட்காதீர்கள். பெயர் மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் கேட்டால் உடனே தம்ளரை நீட்டக் கூடாது. உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி கொடுத்து, இருமல் இல்லாமல் விழுங்குகிறாரா என்று பார்த்த பிறகே மேலும் கொடுக்க வேண்டும்.

லோராசெபம் கையிருப்பில் இல்லையா? அதே வகை மருந்தான டயசெபம் 5 முதல் 10 மி.கி. சிரை வழியாக மெதுவாகக் கொடுக்கலாம். அதைத் தசையில் போடாதீர்கள். உறிஞ்சப்படும் அளவு நிச்சயமில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: சோதனை எதிர்மறை என்பதால் கேட்டடோனியா இல்லை என்றாகாது.

தொடர் சிகிச்சையில் வழக்கமாக நடக்கும் பிசகுகள்

நேர்மறையானால் 1 முதல் 2 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை தொடங்கி, தினமும் மதிப்பெண் பார்த்துக் கூட்டுங்கள். பலருக்கு நாளுக்கு 8 மி.கி.க்கு மேல் தேவைப்படும். மூத்த மருத்துவர் மேற்பார்வையில் 24 மி.கி. வரை போவதுண்டு. இங்கேதான் வார்டில் வண்டி தடம் புரளும். இரவு நர்ஸ், "நோயாளி தூங்குகிறார், ஊசி வேண்டாம்" என்று டோஸை நிறுத்துவார். காலையில் நோயாளி மறுபடி சிலையாகக் கிடப்பார். நர்ஸ் மேல் குறையில்லை. தூக்க மருந்து என்றே அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். சார்ட்டில் தெளிவாக எழுதுங்கள்: "இது கேட்டடோனியாவுக்கான சிகிச்சை. அசையாமல் இருக்கிறார் என்பதற்காக நிறுத்த வேண்டாம். மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழே போனாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ மட்டும் நிறுத்தி என்னைக் கூப்பிடவும்."

இரண்டாவது பிசகு ஹாலோபெரிடால். மனநோய் என்று நினைத்து இந்த நிலையில் அதைப் போட்டால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் (மனநோய் மருந்தால் காய்ச்சலும் விறைப்புமாக வரும் உயிராபத்தான நிலை) வரும் அபாயம் கூடுகிறது. நீர் வற்றியவருக்கும், இரும்புச்சத்து குறைந்தவருக்கும் அபாயம் இன்னும் அதிகம். காய்ச்சல், விறைப்பு, நிலையில்லாத நாடித்துடிப்பு, ஏறும் சி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் இரத்த நொதி) என எதைக் கண்டாலும் டோபமைனைத் தடுக்கும் மருந்துகளை எல்லாம் நிறுத்துங்கள். வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோபிரமைடும் அதில் சேரும். உடனே தீவிர சிகிச்சைப் பிரிவோடு பேசுங்கள். இப்படிப்பட்டவருக்கு மின் அதிர்வுச் சிகிச்சையை நாள்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கும் சில நாள் போதிய அளவு லோராசெபம் கொடுத்துப் பலனில்லை என்றால் அடுத்த படி அதுதான்.

உடம்பைக் காப்பது மருந்துக்குச் சமமான வேலை. இரத்தம் உறையாமல் தடுக்க எனோக்சபாரின் 40 மி.கி. தோலடியில் நாளுக்கு ஒருமுறை (சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறையுங்கள்). முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டியிருந்தால் முதல் எனோக்சபாரினுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். போட்டுவிட்டால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1). பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உணவை மெதுவாகத் தொடங்கி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் தினமும் பாருங்கள். அடிவயிற்றைத் தட்டிச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.

காரணம் தேடுதல்

சோடியம், கால்சியம், யூரியா, கல்லீரல், முழு இரத்த எண்ணிக்கை, சி.கே., தைராய்டு, பி12, எச்.ஐ.வி., சிபிலிஸ், சிறுநீரில் போதைப்பொருள். எச்.ஐ.வி. உள்ளவரிடம் காசநோய் மூளைக்காய்ச்சலையும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்றையும் விலக்காமல் "மனநோய்" என்று எழுதக் கூடாது. முதலில் ஸ்கேன், பிறகு முதுகுத்தண்டு நீர். காசநோய்க்கான ஐசோனியாசிட், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் இரண்டும் மனக்குழப்பத்தை உண்டாக்கக்கூடியவை. மருந்துப் பட்டியலைப் பாருங்கள். மனநோய் மருந்தான குளோசபைனையோ, தூக்க மாத்திரையையோ, மதுவையோ திடீரென நிறுத்தினாரா என்று கேளுங்கள். இளம்பெண்ணுக்குப் புதிதாகக் கேட்டடோனியா, கூடவே வலிப்பு, வாய் முகத்தில் நிற்காத அசைவுகள் என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சியை நினைத்து, சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

ஈ.ஈ.ஜி. (மூளை அலைப்பதிவு) கிடைத்தால் கட்டாயம் எடுங்கள். வெளியே தெரியாத தொடர் வலிப்பு அதில்தான் பிடிபடும். அலைகள் பொதுவாக மந்தமாக இருந்தால் டெலிரியம் (உடல்நோயால் வரும் திடீர் மனக்குழப்பம்). இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தாதீர்கள்.

சட்டத்துக்கான தாள்கள்

தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்க இயலாதவர், ஆனால் மறுக்காதவர், "உதவியுடனான பராமரிப்பில்" சேர்க்கப்படுவார். விண்ணப்பப் படிவம் 04-ஐ நெருங்கிய உறவினர் நிரப்ப வேண்டும். அவர் கடந்த ஏழு நாளுக்குள் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும். படிவம் 05-ஐ இரண்டு மனநலப் பணியாளர்கள் தனித்தனியாக நிரப்புவார்கள். ஒருவராவது உடல் பரிசோதனை செய்யத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். உயிராபத்தென்றால் தாளுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கலாம்; 24 மணி நேரத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். கையைத் தட்டிவிட்டு, வாயை இறுக மூடுபவரை மறுக்கிறவராகவே எடுத்துக்கொண்டு, 72 மணி நேர மதிப்பீடு உள்ள கட்டாயப் பராமரிப்பு வழியில் போவது நல்லது. நோயாளியின் உரிமையை அந்த வழி கூடுதலாகக் காக்கிறது.

தேறிய பிறகு

பேச ஆரம்பித்த முதல் நாள்தான் தற்கொலை அபாயம் கூடும் நாள். அசையாதபோது மனதில் இருந்த இருள் அப்படியே இருக்கும். இப்போது கைகாலும் ஓடும். எந்த நேரமும் ஒருவர் கண்பார்வையில் வைத்து, அவருக்கு அந்த நாட்களில் என்ன தோன்றியது என்று கேளுங்கள். அடியில் இருக்கும் மனச்சோர்வுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ சிகிச்சையைத் தொடங்குங்கள். லோராசெபத்தை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள். குறைக்கும்போது அறிகுறி திரும்பினால் கடைசியாகப் பலன் தந்த அளவுக்குப் போய்விடுங்கள். கிளினிக்குக்கான கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த அறிகுறிகள், லோராசெபத்தின் எந்த அளவுக்குப் பலன், குறைக்கும் அட்டவணை, ஹாலோபெரிடால் கொடுக்கும் முன் மனநலப் பிரிவைக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை. அதன் நகல் ஒன்றை வீட்டாரிடமும் கொடுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்குத்தான் போவார்கள்.