மொரீசியஸ் காட்டுப் பறவைகளைக் காண: வழிகாட்டியுடன் செல்லும் பயணத்தைத் திட்டமிடும் முறை

தைப்பூசக் காவடிக்கோ திருமணத்திற்கோ தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களைக் கடற்கரைக்கும் புனித ஏரியான கங்கா தலாவுக்கும் அழைத்துச் செல்வதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அவர்களுள் பறவைகளில் ஆர்வம் உள்ளவர்கள் வீட்டுத் தோட்டத்தில் செம்மீசைச் சின்னானையும் மைனாவையும் புள்ளிப்புறாவையும் பார்த்துவிட்டு, இங்கும் நம் ஊர்ப் பறவைகள்தாம் என்ற எண்ணத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த மூன்றும் மனிதரால் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டவை. இத்தீவில் மட்டுமே வாழும் காட்டுப் பறவை இனங்கள் எட்டு. அரசவால் ஈப்பிடிப்பானின் உறவான ஓர் இனத்தையும் ஓர் உழவாரன் இனத்தையும் அண்டைத் தீவான ரீயூனியனுடன் பகிர்ந்துகொள்கிறோம். பட்டியல் சிறியது என்பதால் பயணம் எளிதென்று நினைத்துவிடக் கூடாது. எந்த உயரத்தில், எந்த மரக்கூட்டத்தில், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதும், ஒத்த தோற்றமுள்ள இரண்டு பறவைகளைப் பிரித்தறியத் தெரிவதுமே இங்கே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான காட்டுப் பறவைகள் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அப்போது அவை அதிகம் கூவுகின்றன, ஆண் பறவைகளின் நிறமும் தெளிவாக இருக்கிறது. ஜனவரிக்குப் பின் புயல்களும் கனமழையும் வரக்கூடும் என்பதால், என் கருத்தில் செப்டம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையிலான காலமே மிகவும் ஏற்றது. காவடிக்கு வந்தவர்களை அழைத்துச் செல்வதாயின், வானிலை நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மாற்று நாள் ஒன்றையும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரிக்கு முந்திய நாட்களில் கங்கா தலாவுக்கு நடந்து செல்லும் அடியார்களால், காட்டுப் பயணம் தொடங்கும் இடமான பெத்ரன் பக்கத்துச் சாலைகள் நிறைந்திருக்கும். அந்த நாட்களைத் தவிர்ப்பதே யாவருக்கும் நல்லது. சீனக் கொய்யா பழுக்கும் மாதங்களில் பிளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலச் சாலையோரமெங்கும் பழம் பறிக்கும் குடும்பங்கள் கூடிவிடும் என்பதால், அப்போது சாலையோரத்தை விட்டுக் காட்டின் உட்பாதைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை இனங்களைக் காட்டுவார் என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பாதையில் அழைத்துச் செல்வார், எத்தனை மணிக்குத் தொடங்குவார், குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள், பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை அழைப்பாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்த பறவைகள், கூடு காக்கும் காலத்தில் இல்லாத எதிரியின் குரலைத் தேடி அலைவது அவற்றுக்கு உண்மையான தீங்கு. ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். ஆகவே பெரியவர்கள் உடன் வந்தால், தாழ்ந்த குரலில் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் அவர்கள் அருகிலேயே நடக்க வேண்டும். அவர் கிரியோல் பெயர்கள் சிலவற்றை முன்பே அறிந்திருந்தால் பெரிதும் உதவும்: எக்கோ கிளி "காத்தோ வேர்", இளஞ்சிவப்புப் புறா "பிஜோன் தே மார்", ஈப்பிடிப்பான் "கோக் தே புவா", சாம்பல் வெள்ளைக்கண்ணி "பிக்பிக்".

பயணத்தின் முதன்மையான இடம், 1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ். தீவின் மிக உயர்ந்த சிகரமான 828 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே லா பெத்தித் ரிவியேர் நுவார் இப்பகுதியில்தான் இருக்கிறது. கங்கா தலாவுக்கு அருகிலுள்ள பெத்ரனில், சூரியன் எழுவதற்கு முன்பே வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். அங்கே தாழைப் புதர்களும் குட்டைச் செடிகளும் நிறைந்த ஈரநிலம் தொடங்குகிறது. அதிலிருந்து மக்காபே காட்டுக்குச் செல்லும் அகலமான பாதை ஏறத்தாழச் சமதளமாக இருப்பதால், நடக்கச் சிரமப்படும் முதியவர்களும் பொறுமையாகச் செல்லலாம். காட்சி முனைக்கு அப்பால் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பகுதி செங்குத்தானது, மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களை வந்த வழியே திருப்பி அழைத்து வாருங்கள். இறங்க விரும்புபவர்களுக்கு மேற்குப் பக்கத்துப் பூங்கா மையத்திற்கு வண்டியை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

இனி, பிரித்தறிதல். இதற்கு நிறைய நேரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் இங்கே தவறாக அடையாளம் காணப்படும் பறவைகள் பெரும்பாலும் நம்மவர்களுக்கு நன்கு பழக்கமானவற்றை ஒத்திருக்கின்றன. நீண்ட வாலுடன் கீச்சிட்டுக்கொண்டு கூட்டமாகப் பறப்பது நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளி. இத்தீவில் அது வந்தேறி. எக்கோ கிளி சற்றுப் பருமனானது, கரும்பச்சை நிறமுடையது, வால் குட்டையானது, குரல் தாழ்ந்தது. பெண் பறவையைப் பார்த்தால் ஐயமே வராது: அதன் அலகு கறுப்பு, பைங்கிளியிலோ இரு பாலினத்துக்கும் சிவப்பு. 1980களில் பத்து அளவுக்குச் சுருங்கிவிட்ட இந்தக் கிளி, கூடுகளைக் காத்து, குஞ்சுகளை வளர்த்து, காட்டில் உணவு வைத்துப் பேணியதால் மீண்டும் பல நூறாகப் பெருகியிருக்கிறது.

சின்னான்களிலும் இதே சிக்கல் உண்டு. கூரிய கொண்டையும் சிவந்த கன்னமும் உடையது செம்மீசைச் சின்னான். மொரீசியஸ் சின்னான் அதைவிடப் பெரியது, கருஞ்சாம்பல் நிறமும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு அலகும் வெளிறிய கண்ணும் கொண்டது, மரத்தின் உச்சியிலிருந்து உரத்துக் கூவுவது. ஊர்ப்புறங்களில் முழுவதும் சிவந்து காணப்படும் சிறு குருவி மடகாஸ்கர் ஃபோடி. இத்தீவின் சொந்த ஃபோடியில் ஆணுக்குத் தலையும் மார்பும் மட்டுமே சிவக்கும். வெள்ளைக்கண்ணிகளுள் சாம்பல் நிறமும் வெள்ளை இடுப்பும் உள்ளது எங்கும் கிடைக்கும். வளைந்த நீண்ட அலகும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கொண்டு பூக்களில் தேன் தேடும் ஆலிவ் வெள்ளைக்கண்ணி அழிவின் விளிம்பில் இருக்கிறது, அதைக் கண்டால் அந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடுங்கள். குயில்கீச்சானில் ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு என்பதால் இரண்டையும் வேறு வேறு இனம் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. ஈப்பிடிப்பானைத் தேடும்போது தமிழ்நாட்டில் பார்த்த நீண்ட வெள்ளை வாலை எதிர்பார்க்க வேண்டாம். இங்குள்ள ஆணுக்கு அது கிடையாது.

இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் பத்தே எஞ்சியிருந்த பறவை. அது அசையாமல் நடுக்கிளையில் அமர்ந்திருப்பதால், பறப்பதைத் தேடாமல் கிளைகளை ஒவ்வொன்றாக பைனாகுலரால் துழாவ வேண்டும். செம்பழுப்பு வால் முதலில் கண்ணில் படும். காலில் நிற வளையங்கள் இருந்தால் அவற்றின் நிறத்தையும் வரிசையையும் குறித்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள்; பாதுகாவலர்கள் ஒவ்வொரு பறவையின் வரலாற்றையும் அந்த வளையங்களைக் கொண்டே தொடர்கிறார்கள்.

கெஸ்ட்ரல் என்னும் சிறு வேட்டைப் பறவையைக் காண நேரமும் பொறுமையும் வேண்டும். பூச்சிக்கொல்லி டிடிடியாலும் காடழிப்பாலும் 1974இல் அறியப்பட்டவை நான்கே என்ற நிலைக்கு வந்த இனம் இது. குட்டையான, வட்டமான சிறகுகளால் மரங்களுக்கிடையே வளைந்து சென்று பச்சைப் பல்லிகளைப் பிடிப்பதால், திறந்த வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். பாறைச் சுவர்களுக்கு எதிரே, காட்டின் விளிம்பில் காத்திருங்கள். கிழக்கே ஃபெர்னே பள்ளத்தாக்கிலும் அதைப் பார்க்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நண்பகலில் காடு அடங்கியபின், கோர்ஜஸ் காட்சி மேடையில் நின்றால் நமக்குக் கீழே பள்ளத்தாக்கில் பாய்-ஆன்-கெயு என்னும் வெண்ணிறக் கடற்பறவைகள் நீள்வாலுடன் பறப்பதைக் காணலாம். அதற்குத் தனி முயற்சி தேவையில்லை.

இரண்டாம் நாளை மாஹேபூர் கடலோரத்துக்கு அருகிலுள்ள இல் ஓ ஸெக்ரெத் தீவுக்கு ஒதுக்குங்கள். 26 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பவளத் தீவை மொரீசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பராமரிக்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே உலவ முடியும் என்பதால் முன்பதிவு அவசியம். குரங்கும் எலியும் இல்லாத அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புறாவும் ஃபோடியும் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை, ஆகவே மலையில் தவறவிட்டவர்கள் இங்கே நிதானமாகப் பார்க்கலாம். ஆனாலும் மலைக்குப் பதிலாக இத்தீவை வைக்காதீர்கள். கருங்காலியும் "நாத்" என்னும் உள்ளூர் மரமும் நிறைந்த ஈரக் காட்டில் ஒரு புறாவைத் தேடிக் கண்டபின் இங்கு வருபவர்களுக்கே, இவ்வளவு நெருக்கத்தில் அதைப் பார்ப்பதன் அருமை புரிகிறது.

ஈப்பிடிப்பான் மட்டும் கிடைக்காமல் போனால் வடகிழக்கிலுள்ள பிராஸ் தோ காட்டுக்கு ஒரு காலை நேரம் போதும். கொண்டுபோக வேண்டியவை மழைக்கோட்டு, மங்கிய நிற உடை, வழுக்காத காலணி, நீர். கிளிகளையும் புறாக்களையும் தாக்கும் நோய்கள் இங்கே உண்டு என்பதால் உதிர்ந்த இறகைக் கையில் எடுப்பதையும் பறவைகளுக்கு உணவு போடுவதையும் குழந்தைகளுக்கு முதலிலேயே தடுத்துச் சொல்லுங்கள். வேறொரு காட்டிலிருந்து வந்த காலணியாயின் சேற்றைக் கழுவிவிட்டே பாதையில் காலை வையுங்கள், ஏனெனில் அந்தச் சேற்றில் ஒட்டி வரும் களைவிதைகளை அகற்றும் வேலை பாதுகாவலர்களின் கைகளில்தான் விழுகிறது.